கைவிட்ட குவாரியில் பறவைகளை மீண்டும் குடியேற்ற எந்த மரம் நடலாம்?

செம்மண்

அனைவருக்கும் வணக்கம். கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட நாற்பது ஏக்கர் நிலம் ஒன்று எங்கள் குழுவின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மேலே பத்துப் பதினைந்து அடிக்கு மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல் என்று இருந்த இடம். இப்போது நடுவில் தண்ணீர் நிற்கும் பெரிய குழி. வடக்கே செங்குத்தாக வெட்டிய மண்சுவர். கிழக்கே கழிவு மண்ணைக் கொட்டிய மேடு. மிச்சமெல்லாம் டிப்பர் ஓடி ஓடி இறுகிக் கிடக்கிற வெறுந்தரை.

மேட்டைக் கரைத்துத் தரையைச் சமப்படுத்துவது, மண்சுவரைச் சரித்து ஆபத்தில்லாமல் ஆக்குவது, மழைக்கு முன் எட்டாயிரம் கன்று நட்டுவிடுவது. இதுதான் திட்டம். ஐந்தாறு ஆண்டில் பறவைகள் நிறைந்த காடாக அது மாற வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பறவைகள் விரும்பி வரக்கூடிய, சீக்கிரம் வளரக்கூடிய மரங்களின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். அடுத்த வாரம் புல்டோசர் வருகிறது.

பஞ்சுருட்டான்

முதலில் அந்த புல்டோசரை நிறுத்தி வையுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்போது அங்கே என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா? காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஒரு வாரம் பார்த்தால்கூடப் போதும். நீங்கள் ‘வெறுந்தரை’ என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் ஆட்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது. சரளைக்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழிவு, அதில் கூரான முனைகள் உள்பக்கம் பார்க்க நான்கு முட்டை. இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பட்டாணி உப்புக்கொத்தியும் அப்படித்தான். பிரிட்டனில் அந்தக் குருவி முதன்முதலாகக் கூடு வைத்தது 1938-இல். அதன் பிறகு அது நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணமே புதிது புதிதாகத் தோண்டப்பட்ட சரளைக்கல் குவாரிகள்தான்.

அந்த மண்சுவர் விஷயம் எனக்கு நெஞ்சோடு சேர்ந்தது. நான் முன்பு போய்வந்துகொண்டிருந்த ஒரு மணல் குவாரியில் ஒரே சுவரில் பதினாறு பஞ்சுருட்டான் துளைகள் இருந்தன. ஒரு ஜோடியை முதல் நாளிலிருந்து பார்த்தேன். ஒன்று அலகால் குத்திக் குத்தி உள்ளே போகும். பிறகு கால்களால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளும். துளை வாயிலிருந்து மண் நூலாகக் கொட்டும். மற்றது பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து காவல் காக்கும். பிறகு முறை மாறும். துளை ஒரு கை நீளத்துக்கு மேல் போன பிறகுதான் உள்ளே முட்டை. குஞ்சு பொரித்து அவை தும்பி பிடித்துக்கொண்டு வந்த நேரத்தில், குத்தகை முடிகிறது, சரிவைப் பாதுகாப்பாக்க வேண்டும் என்று இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே மதியத்தில் சுவரைச் சரித்துவிட்டார்கள். மறுநாள் காலை போனேன். பறவைகள் வாயில் பூச்சியோடு வந்து, சுவர் இருந்த இடத்தில், துளை இருந்த அதே உயரத்தில், காற்றில் சிறகடித்து நின்றன. போய்ப் போய்த் திரும்பி வந்தன.

அந்த வேலையைச் செய்தவர்களுக்குப் பறவை மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. அவர்களும் மரம் நடத்தான் அந்த இடத்தைச் சரித்தார்கள்.

செம்மண்

படித்துவிட்டு இன்று காலை போய்ப் பார்த்தோம். சுவரில் துளைகள் இருக்கின்றன. எண்ணியதில் ஏழு. பக்கத்தில் போனபோது ஒன்றிலிருந்தும் பறவை எதுவும் வரவில்லை. ஆனால் கீழே புதிதாக விழுந்த மண் இருந்தது. நாங்கள் எலி வளை என்று நினைத்திருந்தோம்.

இயந்திரத்தைத் தள்ளிப்போட்டாயிற்று. ஆனால் தரையை அப்படியே விட்டால் கன்று எப்படிப் பிடிக்கும்? குழி தோண்டக் கடப்பாரை இறங்கவே மாட்டேன் என்கிறது.

வேர்

கடப்பாரை இறங்காத இடத்தில் வேர் மட்டும் எப்படி இறங்கும்? உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

இந்தப் பாடத்தை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் ஒரு தலைமுறை செலவழித்துக் கற்றார்கள். அங்கே 1977-இல் நிலக்கரிச் சுரங்கச் சீரமைப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் தோண்டியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். மண் சரிந்து ஊர்கள் மேல் விழும், ஓடைகள் நாசமாகும். சட்டம் வந்ததும் நிலைமை எதிர்ப்பக்கம் போனது. நிலத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, புல்டோசரால் மீண்டும் மீண்டும் ஓட்டி அழுத்தி, வழவழவென்று ஆக்கி, வேகமாக மூடும் வெளிநாட்டுப் புல்லைத் தூவினார்கள். மண் அரிப்பு நின்றது. பச்சையாகவும் தெரிந்தது. ஆனால் மரம் வரவில்லை. நட்ட கன்று செத்தது, அல்லது இருபது ஆண்டு கழித்தும் இடுப்பளவே நின்றது. அடியில் மண் செங்கல் மாதிரி இறுகியிருந்ததும், மேலே அந்தப் புல் தண்ணீரையும் வெயிலையும் பிடுங்கிக்கொண்டதும்தான் காரணம்.

2004-இல் அப்பலாச்சிய வட்டாரக் காடு மீட்பு முயற்சி என்று ஒன்றைத் தொடங்கி, ஆராய்ச்சியாளர்களும் அரசு அலுவலர்களும் சேர்ந்து வேறு முறையைப் பரப்பினார்கள். வேர் ஓட ஏற்ற மண் குறைந்தது நான்கடி ஆழத்துக்கு இருக்க வேண்டும். அதை இறுக்காமல் பொலபொலப்பாக விட வேண்டும். மரத்தோடு போட்டி போடாத குட்டைச் செடிகளை மட்டும் தரைமூடியாக விட வேண்டும். கன்றுகளில் ஒரு பங்கு சீக்கிரம் வளர்ந்து பறவைக்கும் விலங்குக்கும் பயன்படுவதாகவும், இன்னொரு பங்கு நின்று வளரும் காட்டு மரமாகவும் இருக்க வேண்டும். நடுகிற கையும் ஒழுங்காக நட வேண்டும். இவ்வளவுதான். முன்பே வழவழப்பாக்கிக் கெடுத்த இடங்களை இப்போது பெரிய இரும்புப் பல்லால் கிழித்துத் திரும்ப நடுகிறார்கள்.

நீங்கள் செய்யவேண்டிய சோதனை எளிது. பத்து இடத்தில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். மறுநாளும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் மரம் பற்றிய பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: முதலில் வழித்தெடுத்த மேல்மண் எங்கே? அந்தக் கிழக்கு மேட்டில் தனியாகக் கொட்டியிருக்கிறார்களா, கழிவோடு கலந்துவிட்டார்களா?

டோசர்காரன்

நான் இருபத்திரண்டு வருசமா மிஷின் ஓட்டுறேன். வேர் சார் சொல்றது அத்தனையும் உண்மை. எங்க ஆளுங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரலை, அதான் வருத்தம்.

நான் ஒரு இடத்துல மூடுற வேலை பாத்தேன். மண்ணைக் கொட்டி, ஒரு தடவை மேலாகத் தட்டிட்டு, மேடுபள்ளமா விட்டுட்டேன். மழைத்தண்ணி அந்தப் பள்ளத்துல நிக்கும், விதை தங்கும்னு எனக்கே தோணுச்சு. பார்க்க வந்த அதிகாரி ‘இது என்ன உழுத காடு மாதிரி இருக்கு, சப்பாத்திக் கட்டை போட்ட மாதிரி இருக்கணும்’னு சொல்லித் திரும்ப ஓட்ட வெச்சாரு. மூணு நாள் ஓட்டினேன். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் டிராக் போன தடத்துல மண்ணு பளபளன்னு ஆயிருச்சு. இன்னைக்கும் அங்க ஒண்ணும் முளைக்கலை.

செம்மண் அண்ணா, நீங்க செய்ய வேண்டியது இது. டோசருக்குப் பின்னாடி ரிப்பர் பல்லு இருக்கும். அதை நாலடி இறக்கி, சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்துல வளைஞ்சு வளைஞ்சு கிழிக்கச் சொல்லுங்க. மேலிருந்து கீழா கிழிச்சா அதுவே ஓடையாயி மண்ணைக் கொண்டு போயிரும். மண்ணு நல்லாக் காஞ்சிருக்கும்போதுதான் கிழிக்கணும். அப்பதான் கட்டி உடைஞ்சு பிளக்கும். ஈரத்துல கிழிச்சா வெண்ணெய்யில கத்தி விட்ட மாதிரி கோடு மட்டும் விழும், உள்ள உடையாது. கிழிச்ச பிறகு அந்த இடத்துல ஒரு வண்டி ஏறக்கூடாது. கன்னு ஏத்திட்டு வர்ற டிராக்டர்கூட ஏறக்கூடாது. பாதையை முதல்லயே குறிச்சிருங்க.

புது மண்ணு கொட்டறதா இருந்தா டிப்பரைப் பின்னாடி எடுத்து, குவியல் பக்கத்துல குவியலா கொட்டிக்கிட்டே வெளிய வாங்க. கொட்டினது மேல ஏறாதீங்க. கடைசியா சின்ன மிஷினை வெச்சு உச்சியை மட்டும் ஒரே தட்டு.

செம்மண்

டோசர்காரன் தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி.

குழிச் சோதனை செய்தோம். பத்தில் ஏழில் தண்ணீர் அப்படியே நின்றது. மேல்மண் தனியாகத்தான் இருக்கிறது, ஆனால் கொட்டி எட்டு ஆண்டு ஆகிறதாம்.

வேர்

எட்டு ஆண்டு என்றால் அதிலிருந்த விதைகளில் பெரும்பகுதி போயிருக்கும். குவியலின் அடிப்பகுதியில் காற்றில்லாமல், வேரோடு சேர்ந்து வாழ்ந்து மரத்துக்கு உதவும் பூஞ்சையும் செத்திருக்கும். ஆனாலும் அது மண்தான், வீணாக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற மரம் நிறைந்த காடுகளில், அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுக்கும் இடங்களில், ஒரு குழிக்காக வழித்த மேல்மண்ணைக் குவித்து வைக்காமல், எடுத்து முடிந்த அடுத்த குழியில் நேராகக் கொண்டுபோய்ப் பரப்புவார்கள். அந்தப் புது மண்ணிலிருந்தே காட்டுச் செடிகள் ஏராளமாக முளைக்கும். உங்களுக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. பக்கத்தில் எங்காவது நல்ல காட்டுத் துண்டு இருந்தால், அதைக் கெடுக்காமல், நாலைந்து கூடை இலைமட்கை மட்டும் கொண்டுவந்து கன்றுக் குழிகளில் ஒரு கைப்பிடி போடுங்கள். பூஞ்சைக்கு அது வித்து.

தாழை

நான் இங்கே ஒரு மாற்றுக் கருத்து வைக்கலாமா? எல்லோரும் மரத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறீர்கள். மொம்பாசாவில் நடந்ததைப் பாருங்கள். கென்யக் கடற்கரையில் சிமெண்டுக்காகப் பவளச் சுண்ணாம்புக் கல் எடுத்த குவாரி. தரை வெள்ளைப் பாறை, ஒரு பிடி மண் கிடையாது, அடியில் உப்புத்தண்ணீர். 1971-இல் ரெனே ஹாலர் என்ற சூழலியலாளர் அங்கே 26 வகை மரங்களை வைத்துப் பார்த்தார். மூன்றுதான் பிழைத்தன. அதில் சவுக்கு நன்றாக வந்தது. அதன் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் மண்ணில்லாமலும் நிற்கிறது. இன்று அந்த இடம் ஹாலர் பூங்கா. நீர்யானையிலிருந்து பறவை வரை எல்லாம் இருக்கிறது. மண் தயாராகட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் இன்றும் அது வெள்ளைப் பாறைதானே?

வேர்

நல்ல உதாரணம் கொண்டுவந்தீர்கள், தாழை. ஆனால் அந்தக் கதையின் அடுத்த பாகத்தையும் சொல்ல வேண்டும். சவுக்கு வளர்ந்தது, ஊசியிலை உதிர்ந்தது, அப்படியே மெத்தை மாதிரி கிடந்தது. மட்கவில்லை. துவர்ப்பு மிகுந்த அந்த ஊசியைத் தின்ன உயிர் எதுவும் அங்கே இல்லை. ஒரு நாள் ஹாலர் சிவப்புக் கால் மரவட்டை ஒன்று சவுக்கு இலையைத் தின்பதைப் பார்த்தார். சுற்றுவட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் பொறுக்கிக்கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததில்தான் மண்ணே உண்டானது. மண் உண்டான பிறகுதான் மற்ற மரங்களை நட்டார். பிறகு சவுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார்.

அங்கே முதல் மரம் மண்ணைச் செய்யும் கருவியாக இருந்தது. செம்மண் குழுவிடம் ஏற்கெனவே பதினைந்தடி மண் இருக்கிறது. அவர்களுக்குத் தேவை அதைத் தளர்த்துவது மட்டும்தான்.

தாழை

சரி, ஏற்கிறேன். மரவட்டை விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் ‘ஒன்றும் செய்யாமல் விட்டாலே இயற்கை வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் அதை ஒப்பமாட்டேன்.

பஞ்சுருட்டான்

நான் சொல்லப்போகிறேன், கோபிக்க வேண்டாம். செக் நாட்டில் காரெல் பிராக் என்ற தாவரவியலாளர் கைவிட்ட சுரங்க மேடுகளைப் பல பத்தாண்டுகள் கவனித்தவர். சமப்படுத்தி, மண் போட்டு, வரிசையாக மரம் நட்ட மேடுகளைவிட, அப்படியே விட்ட மேடுகளில்தான் அரிய உயிரினங்கள் மிகுதி என்று அங்கே திரும்பத் திரும்பத் தெரியவந்தது. வட பொஹீமியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் பறவைகளை மட்டும் எண்ணிப் பார்த்த ஆய்விலும் அதுவே வந்தது. காரணத்தை யோசித்தால் எளிமையானது. விட்டுவைத்த மேட்டில் ஒரு பக்கம் பள்ளத்தில் தண்ணீர், ஒரு பக்கம் வெறும் மண், ஒரு பக்கம் புதர், உச்சியில் நாலு மரம். நட்ட மேட்டில் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நிழல்.

நீர்க்கோழி

பஞ்சுருட்டான் சொல்வது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். சுற்றிலும் விதை தரக்கூடிய நல்ல காடும் புல்வெளியும் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு நிபந்தனை. வெப்ப நாடுகளில் அப்படியே விட்டால் முதலில் வருவது சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும். வந்தால் வேறு எதையும் விடாது. தில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் கல்குவாரியாக இருந்த இடம் இன்று ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா. 2010-இல் வேலை தொடங்கினார்கள். சீமைக் கருவேலத்தைப் பகுதி பகுதியாக அகற்றி, ஆரவல்லியின் சொந்த மரம், செடி, புல் ஆகியவற்றை விதை தேடிக் கொண்டுவந்து, நாற்றங்கால் வைத்து வளர்த்து நட்டார்கள். காப்புக்காடு, சரணாலயம் போன்ற வகைகளுக்கு வெளியே பாதுகாப்புத் தரும் இடம் என்ற தகுதி 2022-இல் இந்தியாவிலேயே முதலில் அதற்குத்தான் கிடைத்தது. கை வைக்காமல் விட்டிருந்தால் அது முள்காடாகவே நின்றிருக்கும்.

அதனால் ‘விடுவதா, நடுவதா’ என்பதை நிலத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். செம்மண் ஐயா, அந்தக் குழித் தண்ணீரைச் சோதித்தீர்களா?

செம்மண்

இல்லை. பார்க்க நீலமாகத் தெளிவாக இருக்கிறது. நல்ல தண்ணீர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீர்க்கோழி

தெளிவாக இருப்பதால்தான் கேட்கிறேன். பாசியும் புழுவும் வாழ முடியாத தண்ணீரும் கண்ணாடியாகத்தான் தெரியும்.

மொன்டானாவில் பியூட் என்ற ஊரில் பெர்க்லி குழி என்ற செப்புச் சுரங்கம் இருக்கிறது. 1982-இல் வேலை முடிந்து, இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். நிலத்தடி நீர் ஏறிக் குழி ஏரியானது. அந்தப் பாறையில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் தண்ணீரும் காற்றும் பட்டு அமிலமாகிறது. அமிலம் செம்பு, காட்மியம், ஆர்சனிக் எல்லாவற்றையும் கரைக்கிறது. 1995 நவம்பரில் வலசை போன பனி வாத்துகள் இளைப்பாற இறங்கின. 342 சடலங்களை எடுத்தார்கள். 2016 நவம்பரில் ஒரு பனிப்புயல் இரவில் மீண்டும் பெருங்கூட்டம் இறங்கியது. 3,000-க்கு மேல் செத்தன. மேலிருந்து பார்க்கிற பறவைக்கு அது ஏரி. இறங்கிக் குடித்த பிறகுதான் தெரியும். இப்போது அங்கே ஒளியாலும் ஓசையாலும் பறவைகளை இறங்கவிடாமல் விரட்ட ஆள் வைத்திருக்கிறார்கள்.

உங்களுடையது சுண்ணாம்புக் கல், அமிலமாகும் ஆபத்து குறைவு. ஆனாலும் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), கரைந்த உப்பு, உலோகங்கள் மூன்றையும் ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். நிலக்கரிக் கழிவு பக்கத்தில் எங்காவது கொட்டியிருந்தால் செலினியம் என்ற தனிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கொஞ்சமாக இருந்தாலும் பூச்சியில் சேர்ந்து, பறவைக்குப் போய், முட்டையில் இறங்கிக் கருவைச் சிதைக்கும். தாய்ப்பறவை நன்றாகத்தான் தெரியும், குஞ்சுதான் வராது.

தண்ணீர் நன்றாக இருந்தால் அடுத்த கேள்வி ஆழம். கரை எப்படி இறங்குகிறது?

செம்மண்

செங்குத்தாக. காலை வைத்தால் நேரே முப்பதடி.

நீர்க்கோழி

அப்படியானால் இப்போது அங்கே முக்குளிப்பானும் நாலு நாமக்கோழியும் தவிர எதுவும் இருக்காது. சரியா? முக்காலே மூணுவீசம் நீர்ப்பறவைகளுக்குத் தேவை முழங்கால் அளவுக்கும் குறைந்த தண்ணீர். உள்ளானுக்கு விரல் அளவு. கொக்குக்கு ஒரு சாண். நாணல் வளர ஒரு முழம். ஆழமான நடுப்பகுதி அவற்றுக்கு வெறும் வானம் மாதிரி.

கரையில் ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும், முடிந்தால் ஐம்பது அடி நீளத்துக்குப் படிப்படியாக இறங்கும் சரிவாக்குங்கள். கோடு நேராக வேண்டாம். உள்ளே வெளியே என்று நெளிந்து போகட்டும். நெளிவு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஜோடி கூடு வைக்கும், ஏனென்றால் ஒன்றின் கண்ணுக்கு ஒன்று படாது. நடுவில் சரளை கொட்டி ஒரு சின்னத் தீவு கிடைத்தால் நாயும் கீரியும் எட்டாத இடமாக அது இருக்கும். வறண்ட காலத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று குச்சி நட்டு அளந்த பிறகு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சரிவு முழுக்கத் தரையில் தங்கிவிடும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் மணலும் சரளையும் எடுக்கும் பெரிய குவாரி ஒன்றில் இதைத்தான் செய்கிறார்கள். ஊஸ் ஃபென் என்று பெயர். குவாரி நிறுவனமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்எஸ்பிபியும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே, தோண்டி முடித்த பக்கத்தை நாணல்காடாக மாற்றுகிறார்கள். எல்லாம் முடியும்போது 700 ஹெக்டேர். நாணலில் மறைந்து முழங்கும் குருகு இனம் ஒன்று பிரிட்டனில் 1997-இல் வெறும் 11 ஆண்கள் என்ற நிலைக்கு வந்திருந்தது. பல இடங்களில் புதிதாக நாணல் வளர்த்த பிறகு அது மீண்டது. ஊஸ் ஃபென்னும் அப்படி ஒரு இடம். சரளை எடுத்த குழியில் இன்று அது கூடு வைக்கிறது.

டோசர்காரன்

நீர்க்கோழி அம்மா சொல்ற சரிவு வேலைக்கு லாங் பூம் பொக்லைன், அதான் நீளக் கை வெச்ச மிஷின் வேணும். டோசரைத் தண்ணிக்கரைக்கு இறக்காதீங்க. நிறைஞ்ச குழியோட கரை உள்ளுக்குள்ள ஈரமாகி, மிஷின் அதிர்வுல மொத்தமா உள்ள போயிரும். ஜெர்மனியில லுசாட்டியாங்கற பழைய நிலக்கரிப் பக்கம் தண்ணி ஏறினப்ப கரை கரையா சரிஞ்சிருக்கு. பெரிய பெரிய பரப்பையே ஆள் நுழையக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்காங்க. முதல்ல கரையோட மண்ணைப் பாத்துட்டு, தெரிஞ்ச என்ஜினியர் ஒருத்தர் சொன்ன பிறகு இறக்குங்க.

மண்சுவரும் அப்படித்தான். வெச்சிருங்க, ஆனா மேல விளிம்புல பத்தடி தள்ளி வேலி, கீழ அடியில பத்தடி தள்ளி ஆள் உயர மண்கரை. யாரும் சுவத்துக்கு அடியில நிக்கக்கூடாது. மொத்த சுவரும் வேணும்னு இல்ல. துளை இருக்கிற நாப்பதடி நீளம் போதுமானா மிச்சத்தைச் சரிச்சுக்கலாம்.

பஞ்சுருட்டான்

போதும். இன்னொரு குறிப்பு: சுவர் நாளாக நாளாக அடியில் மண் சேர்ந்து, மேலே புல் முளைத்து, சாய்ந்து போகும். பாம்பும் எலியும் ஏற வழி கிடைக்கும், பறவை விட்டுவிடும். ஐரோப்பாவில் மணல் தகைவிலான்கள் துளையிடும் குவாரிகளில், அவை வலசையிலிருந்து திரும்புவதற்கு முன் ஒவ்வொரு ஆண்டும் முகப்பைப் புதிதாகச் சீவி விடுகிறார்கள். உங்களுக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் மண்வெட்டி வேலை இருக்கும்.

மரம் நட்ட இடங்களில் உயரமான காய்ந்த கம்பங்களையும் நட்டு வையுங்கள். குறுக்கே ஒரு கொம்பு இருந்தால் போதும். ஃபுளோரிடாவில் பாஸ்பேட் எடுத்த நிலத்தில் இப்படிச் செய்து பார்த்தபோது, கம்பத்துக்கு அடியில் மட்டும் பறவை எச்சத்தோடு விழுந்த விதை மற்ற இடத்தைவிடப் பல மடங்கு இருந்தது. சின்னானும் மைனாவும் நாவலையும் அத்தியையும் கொண்டுவரும். கரிச்சானுக்குப் பூச்சி பிடிக்க இடம் கிடைக்கும். ஆனால் அடியில் என்ன முளைக்கிறது என்று மாதம் ஒரு முறை பாருங்கள். உண்ணிச்செடியையும் அதே பறவைதான் கொண்டுவரும்.

தாழை

ஒரு சந்தேகம். மரங்கொத்தி, ஆந்தை, கிளி இதெல்லாம் எப்போது வரும்? பொந்து வேண்டுமே.

வேர்

அதுதான் மனதுக்குக் கஷ்டமான பகுதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் நான் சொன்ன அதே பாக்சைட் நிலங்களில், மீட்டெடுத்த இளங்காட்டில் கறுப்புக் காக்கட்டூக்கள் பத்து ஆண்டுக்குள் வந்து விதை தின்கின்றன. ஆனால் அவை கூடு வைக்கும் அளவுக்குப் பொந்து விழ அந்த மரங்களுக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். சாப்பாடு இருக்கிறது, வீடு இல்லை. பெட்டி வைக்கலாம், பராமரிக்க ஆள் இருக்கும்வரை அது உதவும். ஆகையால் குவாரி ஓரத்தில் பழைய மரம் ஒன்று நின்றாலும், பாதி காய்ந்ததாக இருந்தாலும், அதைத் தொடாதீர்கள். எட்டாயிரம் கன்றும் சேர்ந்து உங்கள் ஆயுளில் தர முடியாததை அந்த ஒரு மரம் இன்றைக்கே தருகிறது.

செம்மண்

இருக்கிறது. தென்மேற்கு மூலையில் ஒரு பழைய ஆலமரம், பாதி பட்டுப்போனது. வெட்டப் பேசி வைத்திருந்தோம். விட்டுவிடுகிறோம்.

இதுவரை முடிவு செய்தது: தண்ணீர்ச் சோதனைக்கு மாதிரி அனுப்பியாகிவிட்டது. மண்சுவரில் நாற்பதடி நிற்கும். நடுவில் ஆறு ஏக்கர் சரளைத்தரையை எதுவும் நடாமல் விடுகிறோம். மேட்டைக் கரைக்கப் போவதில்லை. மரம் பதினெட்டு ஏக்கரில் மட்டும், கிழித்த பிறகு. கன்றுகள் எட்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்கு வந்துவிட்டன. குழுவில் இரண்டு பேருக்கு இதில் மனத்தாங்கல். பாதி நிலத்தைச் சும்மா விட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறார்கள்.

நீர்க்கோழி

அவர்களை ஒரு நாள் விடியற்காலையில் அந்தச் சரளைத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் அசையாமல் உட்கார வையுங்கள்.

செம்மண் *(பதினான்கு மாதம் கழித்து)*

இழையை மீண்டும் எழுப்புவதற்கு மன்னிக்கவும். நிலவரம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தண்ணீர் நல்லதுதான், சற்றுக் காரம், அவ்வளவே. கரையில் ஒரு பக்கம் மட்டும் பொறியாளரைக் கேட்டுச் சரித்தோம். அதில் பாதி வேலை தப்பாகப் போனது. கோடையில் தண்ணீர் நாங்கள் நினைத்ததைவிட நான்கடி கீழே போய்விட்டது. நீர்க்கோழி சொன்னபடி குச்சி நட்டு ஒரு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதில் அவசரப்பட்டோம். ஆனாலும் எஞ்சிய சேற்றில் இந்தக் குளிர்காலம் முழுக்க உள்ளான்கள் இருந்தன.

கிழித்த நிலத்தில் கன்று நான்கில் மூன்று நிற்கிறது. கிழிக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க விட்ட ஒரு கால் ஏக்கரில் நட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது, நிற்பதும் வளரவில்லை.

சரளைத்தரையில் ஆட்காட்டி இரண்டு ஜோடி முட்டையிட்டன. ஒன்றை, மனத்தாங்கல் என்று சொன்ன அந்த நண்பர்தான் கண்டுபிடித்தார். தண்ணீர் வண்டி போகும் பாதைக்கு எட்டடி தள்ளி. வண்டிப் பாதையை அவரே கல் வைத்து மாற்றிவிட்டார். குஞ்சு பொரிக்கும் வரை தினமும் காலையில் வந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

மண்சுவரில் துளை பத்தொன்பது. ஆனால் போன மழையில் சுவரின் இடது ஓரம் கொஞ்சம் சரிந்து, அடியில் இடுப்பளவு மண் சேர்ந்திருக்கிறது. இப்போதே அள்ளிவிடலாமா?

பஞ்சுருட்டான்

இப்போது வேண்டாம். பறவைகள் துளைக்குள் பூச்சி கொண்டுபோகின்றனவா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். கொண்டுபோனால் உள்ளே குஞ்சு இருக்கிறது. கடைசித் துளையும் வெறிச்சோடிய பிறகு, மேலும் இரண்டு வாரம் விட்டு, மண்வெட்டியால் அள்ளுங்கள். அள்ளும்போது சுவருக்கு முகம் காட்டி, ஒருவர் மேலே விளிம்பைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

டோசர்காரன்

நான் வர்றேன். மிஷின் வேணாம், மண்வெட்டியோட வர்றேன். நாள் மட்டும் சொல்லுங்க அண்ணா.